மலையகத்தில் விற்பனைக்கு வரும் பழைய ட்ரம்ஸ் செட்: வயதும் நியாய விலையும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பழைய ட்ரம்ஸ் செட் தேடுபவர் கவனிக்க வேண்டியவை மூன்று வகை: இங்கிலாந்தின் பிரிமியர், 1980, 90களின் பேர்ல் எக்ஸ்போர்ட், யாரோ ஓர் இறக்குமதியாளரின் பெயரைப் பேட்ஜில் தாங்கிய 60, 70களின் ஜப்பான் செட். எல்லாவற்றையும் 'வின்டேஜ்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அந்தச் சொல்லுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். பேட்ஜைக் கழற்றி வேறொரு ட்ரம்மில் பூட்ட அதிக நேரம் பிடிக்காது. அடித்து வாசிக்கும் மேல்தோலான ஹெட்டைக் கழற்றி, ஷெல் எனும் மர உடலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால்தான் வயது தெரியும்.

பிரிமியரில் முதல் வேலை அளவெடுப்பது. 1960களின் இறுதி வரை வந்த பிரிமியர் டொம்களின் (நடுத்தர ட்ரம்களின்) ஷெல், இன்றைய பொது அளவை விடச் சற்றே பெரியது. கடையில் கிடைக்கும் 12 அல்லது 14 அங்குல ஹெட் அதில் உட்காராது. அந்த அளவை வெளிநாட்டிலிருந்து தனியாக வரவழைக்க வேண்டும். 12 அங்குலம் என்றால் 304.8 மி.மீ., 14 என்றால் 355.6, 16 என்றால் 406.4. இன்றைய ஹெட் தடையில்லாமல் இறங்க, ஷெல்லின் வெளிவிட்டம் இந்த எண்களை விட இரண்டு மூன்று மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் அது பழைய அளவு. வயது சொல்லும் நல்ல அடையாளம் அது. வாசிப்பவருக்கோ நிரந்தரச் செலவு. முடிந்தால் ஒரு புது 12 அங்குல ஹெட்டைக் கையோடு கொண்டு போய் வைத்துப் பாருங்கள், பேச்சே தேவைப்படாது. அளவு சரியாக இருந்தால் பிரிமியர் தயங்காமல் வாங்கக்கூடிய செட். அதன் குரோம் பூச்சு நம் மூட்டத்தைத் தாங்கி நிற்பது போல ஜப்பான் மலிவுச் செட்டின் பூச்சு நிற்பதில்லை. ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் வளையமான வார்ப்பு ஹூப்பில் மட்டும் வெடிப்பு இருக்கிறதா என்று போல்ட் துளைகளைச் சுற்றிப் பாருங்கள். வார்ப்பு உலோகம் வளையாது, உடையும்.

பேர்ல் எக்ஸ்போர்ட் 1982இல் வந்த வரிசை. பழையவற்றில் டொம்மைத் தாங்கும் குழாய் ஷெல்லைத் துளைத்து உள்ளே போகும். பிந்தியவற்றில் டொம் ஹூப்போரத்துப் பட்டையில் தொங்கும். இஎக்ஸ்எக்ஸ் (EXX) என்ற எழுத்துகள் இருந்தால் 2013க்குப் பிந்திய மறுவெளியீடு. அதைப் பழசு என்று விற்க வந்தால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம்.

தயாரித்தவர் பெயர் இல்லாத இந்த ஜப்பான் பெயரிலிச் செட்டின் ஷெல் பெரும்பாலும் லுவான் மரம்: உட்புறம் செம்பழுப்பு, நுண்துளை நிறைந்தது, இரு விளிம்பிலும் பலகை வளையம். ஸ்டாண்டுகள் மெலிந்தவை. டொம் தாங்கி நழுவும், அதற்கு மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது. அபூர்வமாக அமெரிக்க லட்விக் செட் ஒன்று கண்ணில் பட்டால், தொடர் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பேட்ஜுகளை எண் வரிசைப்படி அவர்கள் பூட்டவில்லை. ஷெல்லுக்குள் மையால் குத்திய தேதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

மூட்டம் இறங்கினால் தப்புப் பறை தளர்ந்துவிடும், காய்ச்சினால்தான் ஒலிக்கும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கன்றுத்தோல் ஹெட்டும் அப்படித்தான். பிளாஸ்டிக் ஹெட்டை ரெமோ கம்பனி 1957இல் சந்தைக்குக் கொண்டு வந்த பிறகும் பலர் தோலிலேயே வாசித்தார்கள். ஆகவே தோல் இருப்பதை மட்டும் வைத்து அதற்கு முந்திய செட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஈரம்தான் இங்கே விலையைத் தின்னும் முதல் எதிரி. ஷெல்லை விரல் முட்டியால் சுற்றிலும் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஒலி மந்தமாக விழுந்தால் அங்கே பிளை (ஒட்டிய மரத் தாள்) பிரிந்திருக்கிறது. விட்டத்தை மூன்று திசைகளில் அளந்து பாருங்கள்; வித்தியாசம் மூன்று மி.மீ.யைத் தாண்டினால் டியூன் நிற்காது. ஷெல்லைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து, உள்ளே விளக்கு வைத்தால் விளிம்பின் பள்ளத்தில் வெளிச்சம் கசியும். லக்கை (ஷெல்லின் வெளியே பூட்டிய உலோகப் பிடியை) அழுத்தித் தட்டும்போது சலசலத்தால், உள்ளே உள்ள ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது அதைச் சுற்றிய பஞ்சு உதிர்ந்திருக்கிறது. சின்ன வேலைதான், அதற்காகச் செட்டை விட்டுவிட வேண்டாம். லக்கில் இறங்கி ஹெட்டை இறுக்கும் டென்ஷன் ரொட் ஒவ்வொன்றையும் கையால் சுழற்றிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வேறு கம்பனியின் ரொட்டைத் திணிக்கக் கூடாது: கம்பனிக்குக் கம்பனி மரையின் பல் மாறலாம். பொருந்தாததை முறுக்கினால் லக்கின் நட் போய்விடும்.

ஒரு லக்கைக் கழற்றி, அடியில் உறையின் (ஷெல்லைச் சுற்றி ஒட்டிய தாளின்) நிறத்தையும் பாருங்கள். வெளியே மங்கியும் அடியில் பளிச்சென்றும் இருந்தால் மூல உறை. இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் பின்னால் ஒட்டியதாக இருக்கலாம்.

விலைக்கு, கொழும்பில் அன்று விற்கும் புதிய தொடக்கநிலைச் செட்டை நூறாக வையுங்கள். ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் இந்தக் கணக்கு கூடவே நகரும். எங்கள் மதிப்பில், பாகம் குறையாத, கூடுதல் துளை போடாத எக்ஸ்போர்ட் 60 முதல் 70. பொது அளவுப் பிரிமியர் 80 வரை. பழைய அளவுப் பிரிமியர் அதில் பாதி. பெயரிலி ஜப்பான் 25, அதற்கு மேல் வேண்டாம். டொம்மில் பிறகு போட்ட ஒவ்வொரு துளைக்கும் அந்தச் செட்டின் விலையில் பத்திலொன்றைக் கழியுங்கள், உறை மாற்றியிருந்தால் ஐந்திலொன்று. எல்லா ஹெட்டையும் மாற்றும் செலவை முழுதாகக் கழிக்க வேண்டும். விற்பவர் வெளிநாட்டுத் தளத்தைக் கைபேசியில் காட்டினால், அது ஒருவர் கேட்கும் விலை மட்டுமே என்று நினைவில் வையுங்கள். ஸ்நேர் ட்ரம்மும் டொம்மும் வெவ்வேறு செட்டாக இருப்பது சாதாரணம். பேட்ஜும் லக்கும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்நேருக்குத் தனி விலை பேசுங்கள். சிம்பலும் தனி. விளிம்பிலோ நடுத்துளையிலோ மயிரிழை வெடிப்பு இருந்தால் பித்தளை எடைக்கு மேல் தராதீர்கள்.

ஆலயப் பாடகர் குழுவுக்கும் பாடசாலை வாத்தியக் குழுவுக்கும் எக்ஸ்போர்ட்தான் எங்கள் தெரிவு. ஹெட்டும் பாகமும் கண்டி, கொழும்பில் தேடிப் பிடித்துவிடலாம்.

வாங்கியதை வீட்டுக்குக் கொண்டு வந்தவுடன் அடுப்படியிலோ வெயிலிலோ வைக்காதீர்கள். சடுதியாகக் காய்ந்தால் பிளை பிரியும். ஹெட்டைக் கழற்றி, காற்றோட்டமான அறையில் இரண்டு வாரம் விடுங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையான மழையில் வாங்கியது என்றால் இன்னும் ஒரு வாரம். பூஞ்சணத்தை உலர்ந்த தூரிகையால் தட்டி, துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் விடக் கூடாது. துருவுக்கு மிக மெல்லிய ஸ்டீல் வூலும் தையல் மெஷின் எண்ணெயும். குழி விழுந்த குரோம் எதனாலும் திரும்பாது, அதைத் தேய்த்துத் தேய்த்து மிச்சப் பூச்சையும் எடுத்துவிடாதீர்கள்.