டிஷ் பெட்டியும் வெளி ஹார்ட் டிஸ்க்கும்: கல்லடியிலிருந்து ஒரு பாவனை அனுபவம்

டிஷ் பெட்டியில் மாட்டிய ஹார்ட் டிஸ்க் கரைச்சல் கொடுக்கத் தொடங்கினால் நம் ஆக்கள் முதலில் சொல்வது "டிஸ்க் போயிற்று, புதுசு வாங்குங்க" என்பதுதான். கல்லடியில் எங்கள் வீட்டிலும் ஆரையம்பதியில் மாமி வீட்டிலும் சில வருடங்களாக இதைப் பாவித்ததில் எனக்கு விளங்கியது வேறு. பெரும்பாலும் டிஸ்க்கில் பிழை இருப்பதில்லை, அதற்குப் போகும் கரண்டில்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் ஃபார்மட் பண்ணினால் பதிந்து வைத்தது எல்லாம் போய்விடும், பிழை மட்டும் அப்படியே நிற்கும்.

எங்களுடையது உள்ளே டிஸ்க் இல்லாத சாதாரண எச்டி பெட்டி. பின்பக்கம் ஒரு யூஎஸ்பி துளை இருக்கிறது. அதில் வெளி டிஸ்க் ஒன்றை மாட்டினால்தான் பதிவு செய்யும் வசதி வரும். நான் மாட்டியது கையடக்கமான 1 டெராபைட் டிஸ்க், தனி அடப்டர் கிடையாது. எச்டி சேனல் ஒன்று நொடிக்கு 6 மெகாபிட் அளவில் வந்தால் ஒரு மணி நேரப் பதிவு 2.7 ஜீபி பிடிக்கும். அந்தக் கணக்கில் 300 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். அம்மாவின் நாடகங்கள், நல்லூர்த் திருவிழா நேரலை, கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் ஒரு கட்டத்தில் பதிவின் நடுவே காணாமல் போகத் தொடங்கியது. லைட் மினுங்கும், உள்ளே 'டிக், டிக்' என்று ஒரு சத்தம், பிறகு திரையில் 'டிஸ்க் இணைக்கப்படவில்லை' என்று வரும். பெட்டியை நிறுத்திப் போட்டால் திரும்பவும் வேலை செய்யும். நகரில் ஒரு கடையில் காட்டியபோது சத்தத்தைக் கேட்ட உடனேயே டிஸ்க் செத்துவிட்டது என்றார்கள். ஆனால் அதே டிஸ்க்கை மடிக்கணினியில் போட்டால் ஒரு சத்தமும் இல்லை, பெரிய ஃபைல்களையும் தடங்கல் இல்லாமல் எழுதியது. செத்த டிஸ்க் இடம் பார்த்து உயிர்க்குமா?

விசயத்தை வெளிச்சமாக்கியவர் காத்தான்குடியில் எலக்ட்ரோனிக் சாமான் திருத்தும் ஒரு நானா. பெட்டி, அதன் அடப்டர், டிஸ்க், வயர் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரல் நீளத்தில் ஒரு யூஎஸ்பி மீற்றரை எடுத்துப் பெட்டிக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் செருகினார். டிஸ்க் இல்லாமல் 5 வோல்ட் காட்டியது. டிஸ்க் சுழலத் தொடங்கிய கணத்தில் எண் சரசரவென்று 4.5க்குக் கீழே இறங்கியது, உடனே அந்த 'டிக்' சத்தம். "பாருங்க தம்பி, அது பசியில கத்துது. நோய் இல்ல" என்றார்.

காரணம் இதுதான். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று தர வேண்டிய கரண்ட் 500 மில்லிஆம்ப், 3.0 என்றால் 900. இந்தச் சின்ன டிஸ்க்குகள் ஓடும்போது குறைவாகத்தான் எடுக்கும், ஆனால் தட்டுச் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 1 ஆம்ப் வரைக்கும் கேட்கும். மடிக்கணினி அதைத் தாங்கும். டிஷ் பெட்டி மட்டுமட்டாகத்தான் தாங்கும். பெட்டியின் 12 வோல்ட் அடப்டர் பழசாகி உள்ளே கப்பாசிட்டர் காய்ந்துவிட்டால் அந்த மட்டுமட்டும் போய்விடும். முதல் இரண்டு வருடம் ஓடிய டிஸ்க் பிறகு ஏன் அடம்பிடித்தது என்பதற்கு விடை அந்த அடப்டரில் இருந்தது. அதே 12 வோல்ட்டில், அதே பக்கம் பிளஸ் இருக்கிற, 2 ஆம்ப் அடப்டர் மாற்றினோம். ஆம்ப் கூடினால் பரவாயில்லை, வோல்ட் மட்டும் மாறக் கூடாது. கூடவே நீளமான மெல்லிய யூஎஸ்பி வயரைத் தூக்கிவிட்டு டிஸ்க்கோடு வந்த குட்டை வயரையே போட்டேன். டிஸ்க் பக்கத்தில் இருக்கும் அகலமான இரட்டைத் தலைப் பிளக் லேசாக ஆடினாலும் இதே குறி காட்டும், அதையும் ஒருக்கா அசைத்துப் பாருங்கள்.

அடப்டர் மாற்றியும் சரிவராவிட்டால் இரண்டு இடத்திலிருந்து கரண்ட் எடுக்கும், இரண்டு பிளக் உள்ள வை வடிவ வயர் இருக்கிறது, தனிக் கரண்ட் உள்ள யூஎஸ்பி ஹப் இருக்கிறது. மாமி வீட்டில் ஹப் போட்டோம். டிஸ்க் ஒழுங்காக ஓடியது, ஆனால் பெட்டியை நிறுத்திய பிறகும் ஹப்பிலிருந்து கரண்ட் பின்னோக்கிப் போய்ப் பெட்டியின் லைட் அரைகுறையாக எரிந்தது. அப்படி ஏறாத ஹப் கிடைக்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை. சில பெட்டிகள் ஹப் வழியாக வரும் டிஸ்க்கை அடையாளமே காணாது, அதனால் வாங்க முதல் பெட்டியைக் கொண்டுபோய்ச் செருகிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது கரண்ட் கட். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் டிஸ்க்கின் அட்டவணை குழம்பும். திரும்பி வந்ததும் பெட்டி 'டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும். 2022இல் நாள் முழுக்கக் கரண்ட் போய்ப்போய் வந்த காலத்தில் மாமி எத்தனையோ தரம் எடுத்துக் கேட்டிருக்கிறார்: "மனே, பெட்டி என்னமோ கேக்குது, ஓம் எண்டு அமத்தவா?" "வேணாம் மாமி, ஒண்டையும் அமத்தாதீங்க, நான் வாறன்." அந்தக் கேள்விக்கு 'இல்லை' கொடுத்து, பெட்டியை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் போடுங்கள். டிஸ்க்கை ஃபார்மட் பண்ணியிருக்கும் முறை ஃபேட்32 அல்லது என்டிஎஃப்எஸ் என்றால் விண்டோஸில் டிஸ்க்கின் மேல் வலது கிளிக், புரொப்பட்டீஸ், டூல்ஸ், செக். இவ்வளவில் பதிவுப் பட்டியல் முழுசாகத் திரும்பி வந்ததை நானே கண்டிருக்கிறேன். பல பெட்டிகள் டிஸ்க்கை லினக்ஸ் முறையில் ஃபார்மட் பண்ணி வைத்திருக்கும். அதை விண்டோஸ் வாசிக்காது, அதுவும் ஃபார்மட் பண்ணச் சொல்லும். அங்கேயும் 'ஓம்' கொடுக்க வேண்டாம். பென் டிரைவில் லினக்ஸ் போட்டு அதன் வழியாகத்தான் சரிபார்க்க வேண்டும்.

கரண்ட் கட்டுக்கு எனக்குக் கிடைத்த நல்ல மருந்து, ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் குட்டி யூபிஎஸ், கரண்ட் போனால் தன் பேட்டரியிலிருந்து கொடுக்கும் பெட்டி. டிஷ் பெட்டியும் 12 வோல்ட் என்றால் அப்படியே பொருந்தும். 2 ஆம்ப் தரக்கூடியதாகப் பாருங்கள். டிஸ்க் பெட்டியிலிருந்துதான் கரண்ட் எடுக்கிறது, டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கும் பெட்டிதான் வயர் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. ஆகவே ஊரே இருட்டில் இருக்கும்போதும் பதிவு நிற்காது. டிவி மட்டும்தான் அணையும். மேசையில் வைக்கும் பெரிய டிஸ்க்குக்குத் தனி அடப்டர் இருப்பதால் சாதாரண நாளில் கரண்ட் குறைபாடு வராது, ஆனால் இந்த யூபிஎஸ் வசதி அதற்கு இல்லை. எங்கள் பக்கத்துக்கு அதனால்தான் சின்ன டிஸ்க்கையே சொல்வேன்.

பிழையே இல்லாத ஒன்றைப் பிழை என்று நினைத்து அலைவதும் உண்டு. பக்கத்து வீட்டுத் தம்பியின் பெட்டியில் எந்த மாட்ச் பதிந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிடும். டிஸ்க் ஃபேட்32, அதில் ஒரு ஃபைல் 4 ஜீபியைத் தாண்ட முடியாது. எச்டியில் ஒன்றரை மணி நேரம் என்றால் அந்த 4 ஜீபி. சில பெட்டிகள் தாமாகவே துண்டு துண்டாக எழுதும், அந்தப் பெட்டி எழுதாது. பெட்டியின் மெனுவிலேயே வேறு முறையில் ஃபார்மட் பண்ணியதும் முழு மாட்ச்சும் பதிந்தது.

படம் உடைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் டிஷ்ஷுக்கு வரும் கேயூ அலைவரிசைச் சிக்னல் பலவீனப்பட்டுப் படம் சதுரம் சதுரமாகச் சிதறும். சிதறியபடியேதான் பதிவாகும். அதற்கு டிஸ்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை. பதிவைத் திரும்பப் போட்டு அதே இடத்தைப் பாருங்கள். சிதறினாலும் நேரம் ஓடிக்கொண்டே இருந்தால் அது மழை. ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் படம் உறைந்து, டிஸ்க்கும் முனகினால் அந்த இடத்தில் தட்டுப் பழுது. உறையும் இடம் தரத்துக்குத் தரம் மாறினால் வயரையும் கரண்டையும் பாருங்கள். தட்டுப் பழுது என்று சந்தேகம் வந்தால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழுதான இடங்களை எண்ணிக் காட்டும் 'ரீஅலொகேட்டட்', 'பெண்டிங்' என்ற இரண்டு செக்டர் வரிகளைப் பார்க்கலாம். அந்த எண்கள் ஏறிக்கொண்டே போனால் அப்போது டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் எங்களுக்கு உப்புக் காற்று தனிக் கரைச்சல். டிஷ் வயரின் முனை பச்சை பிடிப்பது போல யூஎஸ்பி பித்தளையும் மங்கும். இடைக்கிடை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைத்தால் போதும். டிஸ்க்கைப் பெட்டியின் மேல் வைக்க வேண்டாம், பெட்டி சுடும். சில கையடக்க டிஸ்க்குகளுக்கு 35 பாகை வரைதான் சொல்லியிருக்கிறார்கள், நம் ஆடி மாத மத்தியானம் அதைத் தொட்டுவிடும். நேரலையை இடையில் நிறுத்திப் பிறகு பார்க்கும் டைம் ஷிஃப்ட் வசதியையும் நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். டிவி பார்க்கும் நேரம் முழுக்க அது சும்மா எழுதிக்கொண்டே இருக்கும். டிஸ்க் தூக்கத்திலிருந்து எழும்பக் கொஞ்ச நேரம் எடுப்பதால் பதிவைச் சில நிமிடம் முந்தித் தொடங்கும்படி வைத்தால் நாடகத்தின் தொடக்கம் தப்பாது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு இன்றுவரை மனம் ஒப்பாத விசயம் ஒன்றுதான். கட்டணச் சேனலின் பதிவுகளைப் பெட்டி பூட்டித்தான் எழுதும். வேறு பெட்டியிலோ கணினியிலோ அவை ஓடாது. 2022 செப்டம்பர் 11 அன்று டுபாயில் இலங்கை பாகிஸ்தானை 23 ஓட்டத்தால் வென்று ஆசியக் கிண்ணம் எடுத்த இறுதி ஆட்டம் என் டிஸ்க்கில் இருக்கிறது. பானுக ராஜபக்ச ஆட்டமிழக்காமல் 71 எடுத்த ஆட்டம். இந்தப் பெட்டி பழுதானால் டிஸ்க் நல்லாக இருந்தும் அதைப் பார்க்க முடியாது. காசு கொடுத்துப் பதிந்ததை இன்னொரு பெட்டிக்குக் கொண்டுபோக ஒரு வழி வைத்திருக்கலாம். இலவசச் சேனல் பெட்டிகளில் பெரும்பாலும் இந்தப் பூட்டு இல்லை, கணினியில் விஎல்சி பிளேயரில் போட்டால் ஓடும். எதுவானாலும் கலியாண வீட்டு வீடியோ, பிள்ளைகளின் படம் ஒன்றையும் இந்த டிஸ்க்கில் சேர்த்து வைக்காதீர்கள். முதல் தரம் மாட்டும்போதே பெட்டி எல்லாவற்றையும் அழித்துவிடும்.

பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் கடையில் கணினியில் காட்டுவதோடு திருப்திப்படாமல் உங்கள் பெட்டியை, அதன் சொந்த அடப்டரோடு, கொண்டுபோய் அரை மணி நேரம் பதிந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.