பிளஸ் டூ ஆங்கில வாசிப்புப் பயிற்சி: தண்டையார்பேட்டை மாலை வகுப்பின் அனுபவம்

தண்டையார்பேட்டையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கொரோனா அடங்கிப் பள்ளிகள் திறந்த ஆண்டில் தொடங்கிய வகுப்பு. கொருக்குப்பேட்டை, காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டைப் பிள்ளைகள்தான் அதிகம். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து விம்கோ நகர் வந்து மெட்ரோ பிடிப்பவர்களும் உண்டு. பாதிக்கு மேல் தமிழ் வழியில் படித்தவர்கள். பேசேஜ் பயிற்சிக்கு, அதாவது ஒரு பத்தியைப் படித்துக் கேள்விகளுக்கு விடை எழுதும் பயிற்சிக்கு, என்ன புத்தகம் வாங்கலாம், எந்த இணையதளம் நல்லது என்று பக்கத்துத் தெரு டியூஷன் ஆசிரியர்களும் பெற்றோர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் பயன்படுத்திப் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்விகளை அடுக்கிக்கொண்டே போவதால் வாசிப்பு வளர்வதில்லை. பத்தி எதைப் பற்றியது, அதன் ஒவ்வொரு வாக்கியத்தையும் பிள்ளை எவ்வளவு நிதானமாகப் பிரித்துப் பார்க்கிறது என்ற இரண்டும்தான் கணக்கு.

அரசுப் பாடநூலும் பழைய வினாத்தாள்களும் செலவில்லாதவை. பாடநூல் கழகத்தின் தளத்திலேயே புத்தகம் முழுவதும் கிடைக்கிறது. பிளஸ் டூ ஆங்கிலம் எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 10. வினாத்தாளின் அமைப்பு பழக வேண்டுமானால் பழைய வினாத்தாளை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் வாசிப்பை வளர்க்க அது போதாது. கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைப் பத்தியில் தேடி, அது வரும் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதினால் பல நேரம் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். எழுதிய வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள்.

பாடநூலில் எனக்கு அதிகம் கைகொடுத்தது கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதை. ஆங்கிலத்தில் பிளஸ் டூ பாடமாக இருக்கிறது. தமிழ் மூலத்தை முதலில் வகுப்பில் உரக்கப் படித்துவிடுவேன். பிள்ளைகள் சிரித்து முடித்த பிறகு ஆங்கிலப் பாடத்தைத் திறந்தால், கைடு இல்லாமல் கடைசிவரை போகிறார்கள். தெரியாத சொல் வந்தாலும் நிற்பதில்லை. அடுத்து என்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

கடைகளில் விற்கும் பயிற்சிப் புத்தகங்கள் சிலவற்றை ஆண்டு முழுக்க ஓட்டியிருக்கிறேன். பெயர் வேண்டாம். நல்லது என்று பார்த்தால், கையில் பிடித்துக் கோடு போட்டுப் படிக்கலாம், பத்திகள் தேர்வு அளவிலேயே இருக்கும். குறை என்று பார்த்தால், கடைசிப் பக்கத்தில் விடை மட்டும் இருக்கிறது. ஏன் அந்த விடை என்று ஒரு வரிகூட இல்லை. சில விடைகள் தவறு. பத்திகளும் சுற்றிச் சுற்றி நேரத்தின் அருமை, யோகாவின் பயன், மரம் வளர்ப்பு என்றே இருக்கின்றன. முதல் சில வாரங்கள் மதிப்பெண் ஏறும். அது தேர்வு முறை பழகியதால் வரும் ஏற்றம். அதற்குப் பிறகு நின்ற இடத்திலேயே நிற்கும். பிளஸ் டூ அரையாண்டுக்குப் பிறகு நேரம் வைத்து எழுதிப் பழக ஒரு புத்தகம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் செலவு வேண்டாம்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் 'காமன்லிட்' தளத்தை விடாமல் பயன்படுத்துகிறேன். ஆசிரியர் கணக்குக்குக் கட்டணம் இல்லை. வகுப்பு வாரியாகப் பத்திகளைத் தேர்ந்தெடுக்கலாம். பிளஸ் டூ மாணவருக்கு எட்டாம் வகுப்பு அளவில் தொடங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அமெரிக்கப் பள்ளிக்கு அளந்த அளவு அது. ஆங்கிலம் வீட்டு மொழியாக இருக்கும் பிள்ளைக்கு வைத்த அளவுகோல்.

சொற்களை எழுத்துக் கூட்டியே படிக்கும் பிள்ளைகளுக்கு 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா'வின் ஆங்கிலம் கற்பிக்கும் பகுதி பெரிய உதவி. 1959இல் வானொலியில் தொடங்கிய முறை அது: ஏறத்தாழ 1500 அடிப்படைச் சொற்களுக்குள், குறுகிய வாக்கியங்களில், மெதுவான வேகத்தில் செய்தி சொல்வது. காதில் ஒலி ஓட, கண் வரியில் ஓட, இரண்டு மூன்று மாதத்தில் தடுமாற்றம் குறைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு அந்த நிறுவனத்தையே முடக்கியது. நாங்கள் பழைய கட்டுரைகளை வைத்தே ஓட்டுகிறோம். வாசிப்புப் பழகப் பழைய செய்தி ஒன்றும் குறையில்லை.

இன்னொரு தளத்தில் ஒருமுறை பேஸ்பால் பற்றிய பத்தி வந்தது. நடை எளிமையானது. ஆனால் வகுப்பு மொத்தமும் திணறியது. 'இன்னிங்ஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் கிரிக்கெட் என்று நினைத்துக்கொண்டு படித்தவர்கள் பாதி வழியில் தொலைந்துபோனார்கள். இதைப் பற்றி 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் விவரிப்பைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தும் அந்த விளையாட்டை நன்கு அறிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் விளையாட்டை அறியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். என் வகுப்பில் நடந்ததற்கு இதைவிடச் சரியான விளக்கம் கிடையாது.

அப்படியானால் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது என்ன? கேரம். வடசென்னையில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் புதுவண்ணாரப்பேட்டை காசிமா, ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகள், மூன்று தங்கம் வென்றார். அந்த வாரம் ஆங்கில நாளிதழ்களில் வந்த செய்திகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அகராதி கேட்காமல் படித்தார்கள். அதோடு ஒரு கற்பனை ஆட்டத்தை விவரித்து நானே ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதினேன். அதில் ஆட்டக்காரி குயினைக் குழியில் போடுகிறாள். அடுத்த அடியில் அவளுடைய வெள்ளைக் காய் குழியின் விளிம்பில் நின்றுவிடுகிறது. எதிராளி ஆட வரும்போது குயின் மறுபடி பலகையின் நடுவில் இருக்கிறது. 'குயின் ஏன் நடுவுக்குத் திரும்பியது?' என்பது கேள்வி. பத்தியில் எந்த வரியிலும் அதற்கு நேரடியான விடை இல்லை.

வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவி வரி வரியாக விடையைத் தேடிக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் வாயே திறக்காத காசிமேட்டுப் பையன் எழுந்து, "ரெட்டைப் போட்டாள், ஃபாலோ போடவில்லை மிஸ்" என்றான். குயினை எங்கள் தெருவில் ரெட் என்றும், அதன் பின் போட வேண்டிய சொந்தக் காயை ஃபாலோ என்றும்தான் சொல்வார்கள். எழுதாத ஒன்றை எழுதியதிலிருந்து அவன் கண்டுபிடித்துவிட்டான். தேர்வில் பிள்ளைகளை அதிகம் கவிழ்ப்பது இந்த வகைக் கேள்விதான். இது என்னவோ பெரிய வித்தை என்று பயந்திருந்தவர்களிடம், 'இப்போது நீ செய்தாயே, அதேதான்' என்று அன்று காட்ட முடிந்தது. அந்தப் பையன் அதற்குப் பிறகு பேசேஜ் தாளைத் திருப்பிக் கொடுத்ததே இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும் இப்படித்தான். எங்கள் பிள்ளைகளில் சிலருடைய வீட்டு வலையும் படகும் அதில் நாசமாயின. ஆங்கிலச் செய்திகளை அவர்கள் படித்த விதமே வேறு. பறவைகளின் இறகில் எண்ணெய் படிந்தது, பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்தது என்று ஒவ்வொரு வரியையும் தங்களுக்குத் தெரிந்ததோடு ஒப்பிட்டார்கள். 'இந்தச் செய்தியில் எங்கள் குப்பத்தின் பெயரே இல்லை' என்று ஒரு மாணவி கோபப்பட்டாள். எழுதியவர் எதைச் சொன்னார், எதை விட்டார் என்று பார்க்கிற வாசகி அவள். அந்தத் திறமைக்குத் தனிப் பயிற்சித் தாள் எந்தக் கடையிலும் கிடைக்காது.

தெரிந்ததிலேயே நின்றுவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தேர்வில் கேரம் வராது. எனவே தெரிந்த இடத்திலிருந்து ஒவ்வொரு அடியாகத் தள்ளிப் போகிறோம். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து ரயில்வேயின் வரலாறு. 1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு வீசியதிலிருந்து முதல் உலகப் போர். 1918இல் பின்னி துணி ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து அமைத்த சென்னைத் தொழிலாளர் சங்கத்திலிருந்து பொருளாதாரம். ஒரே பொருளைப் பற்றி மூன்று நான்கு பத்திகளைத் தொடர்ந்து கொடுப்பது முக்கியம். முதல் பத்தியில் முட்டிய சொல் மூன்றாவது பத்தியில் பழகிவிடும்.

இனி வாக்கியத்தைப் பிரிக்கும் முறை. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் நீண்ட வாக்கியம் ஏன் சிக்குகிறது என்பதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் தொடவில்லை. 'எண்ணெய் கலந்திருப்பதாக முந்தைய வாரமே அதிகாரிகளிடம் முறையிட்ட மீனவர்கள் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை.' தமிழில் மீனவர்களும் அழைக்கப்படாததும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. இதையே ஆங்கிலத்தில் 'The fishermen who, just the week before, had reported the oil to the officials were not called to the meeting' என்று சொன்னால் மீனவர்கள் முதலில் வந்துவிடுவார்கள். நடுவில் முறையீடு முழுவதும் வரும். அழைக்கப்படாதது கடைசியில், அதிகாரிகளை ஒட்டி நிற்கும். 'யாரை அழைக்கவில்லை?' என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலோர் அதிகாரிகளை என்கிறார்கள்.

இதற்கு நாங்கள் செய்வது எளிது. பென்சிலால் 'ஹூ', 'விச்' தொடங்கும் இடத்திலிருந்து அந்தத் துண்டு முடியும் இடம்வரை அடைப்புக்குறி போடுவது. அடைப்புக்கு வெளியே மிஞ்சியதை மட்டும் ஒருமுறை படிப்பது. 'ஹவெவர்', 'ஆல்தோ', 'அன்லெஸ்' ஆகியவற்றைச் சுற்றி வட்டம். விடை எழுதும்போது பத்தியின் எந்த வரி அதற்குச் சாட்சி என்று ஓரத்தில் வரி எண் போட வேண்டும். சாட்சி இல்லாத விடை சரியாகவே இருந்தாலும் நான் மதிப்பெண் தருவதில்லை. ஒரு மாலைக்கு ஒரு பத்தி போதும். ஒரு மணி நேரத்தில் ஐந்து பத்தி முடித்தோம் என்று சொல்லும் டியூஷன்களைப் பார்த்துப் பெற்றோர் மயங்க வேண்டாம்.

இவ்வளவு மெதுவாகப் போனால் பாடத்தை எப்போது முடிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அந்த ஓராண்டை வாசிப்புக்குக் கொடுங்கள். பிளஸ் டூவில் தொடங்கினால் நேரம் இருக்காது. பிளஸ் டூ பாடத்தையே பிளஸ் ஒன்னில் தொடங்கிவிடும் பழக்கம் எங்கள் பகுதியிலும் பரவுவதைப் பார்த்து வருத்தமாக இருக்கிறது.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட், சட்டப் படிப்புக்கான கிளாட் இரண்டையும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் இப்போது எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்குப் பயிற்சி வேறு. 2025 க்யூட்டில் ஒரு மொழித்தாளுக்கு 60 நிமிடத்தில் 50 கேள்விகள்; சரிக்கு ஐந்து, தவறுக்கு ஒன்று கழியும். கிளாட்டில் இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். ஆங்கிலப் பகுதியில் ஒவ்வொரு பத்தியும் 450 சொற்கள் அளவுக்குப் போகும். பத்தியில் வந்த சொல்லையே போட்டுப் பொருளை மாற்றிய விடைகள் இங்கே வரிசையாக நிற்கும். பெயர்த்து எழுதிப் பழகிய பிள்ளை அதில்தான் விழும். வரி எண் போட்டுப் பழகியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். வேகம் மட்டும் தனியாகப் பழக வேண்டும். ஜனவரியிலிருந்து தினம் ஒரு பத்தியைக் கடிகாரம் வைத்துச் செய்கிறோம்.

க்யூட் கணினியில் நடக்கும் தேர்வு. அங்கே பென்சிலால் பத்தியில் அடைப்புக்குறி போட முடியாது. காகிதத்தில் நன்றாகச் செய்யும் பிள்ளைகள் திரையில் தடுமாறுவதற்கு இதுவே காரணம். க்யூட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை இலவசமாகத் தரும் மாதிரித் தேர்வைக் கணினியிலேயே எழுதிப் பழகச் சொல்கிறேன். கைபேசித் திரை அதற்கு உதவாது. தேர்வறையில் தரும் வெற்றுத்தாளில் ஒவ்வொரு பத்திப் பிரிவுக்கும் இரண்டு சொல் குறிப்பு எழுதிக்கொண்டால், சாட்சி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று திரும்பிப் போக வழி இருக்கும். அந்தக் குறிப்பைத் தமிழில் எழுதினாலும் குற்றமில்லை. எங்கள் பிள்ளைகள் தமிழில்தான் எழுதுகிறார்கள்.