விற்கப்போகிற வீட்டுக்குப் பரிசோதனை: காசுக்குத் தகுமா?

வேளச்சேரியில் அப்பா வாங்கிப்போட்ட இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டைத் தம்பியும் நானும் சேர்ந்து விற்றோம். முதல் மாடி, கீழே கார் பார்க்கிங், இருபது வருடத்துக்கு மேல் ஆன கட்டடம். விலை பேசுவதற்கு முன்னால், வீட்டைக் கருவிகள் வைத்துச் சோதித்து அறிக்கை தருகிற ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். நல்லதும் கெட்டதும் கலந்தே சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். பொதுவாக வாங்குகிறவர்கள் எடுக்கிற சேவை இது. “நாங்க விக்கிற பார்ட்டி” என்று போனில் சொன்னதும், எதிர்முனையில் இருந்த பெண் “வாங்கறவங்கதானே மேடம்?” என்று திருப்பிக் கேட்டார்.

கூப்பிட்டதற்குக் காரணம் எங்கள் புரோக்கர். உள் பெட்ரூம் சீலிங்கில் மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து ஓதம் இறங்கி, தேமல் மாதிரி படர்ந்திருந்தது. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம். டேம்ப் புரூஃப் ஒரு கோட், மேல புட்டி, அப்புறம் எமல்ஷன். தை மாசம் ஆள் கூட்டிட்டு வர்றேன். அடுத்த மழைக்குள்ள பத்திரம் முடிஞ்சிடும்” என்றார். மஸ்கட்டில் இருக்கும் தம்பியும், “எல்லாரும் அப்படித்தானே அக்கா விக்கறாங்க” என்றான். அதுவும் உண்மைதான். பழைய ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள், ஓர் அறையில் மட்டும் புதுப் பெயிண்ட் வாசனை வந்தால் அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நில்லுங்கள்.

நான் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். கடனுக்கு வரும் ஃபைலில் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம், வக்கீல் கருத்து எல்லாம் கட்டுக்கட்டாக இருக்கும். வில்லங்கச் சான்றிதழில் அடமானம் வரும், ஓதம் வராது. மதிப்பீட்டாளர் வந்து அளவெடுத்து, படம் பிடித்து, சதுர அடிக்கு விலை போட்டுவிட்டுப் போவார். சட்டம் அதோடு விடுவதில்லை. 1882ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55ஆவது பிரிவு, விற்கிறவருக்குத் தெரிந்து வாங்குகிறவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாத முக்கியமான குறையை விற்கிறவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றும் அதே பிரிவின் கடைசியில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ள இடம் உண்டு என்பதால்தான் ‘சொத்தை நேரில் பார்வையிட்டுத் திருப்தி அடைந்து’ என்ற வரி எல்லா அக்ரிமென்டிலும் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பி புட்டி பூசுகிற தைரியம் எனக்கு இல்லை.

சரி, சேவைக்கு வருகிறேன். கட்டணம் ஏழாயிரத்துச் சொச்சம். ஒரு சிவில் இன்ஜினியரும் உதவிக்கு ஒரு பையனும் வந்தார்கள். காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டு நேரம் வரை வீட்டை ஒரு மூலை விடாமல் பார்த்தார்கள். ஈரப்பத மீட்டரைச் சுவரில் வைத்து வைத்து எடுத்தார்கள். தெர்மல் கேமராவில் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரிந்த கறையைப் போல இரண்டு மடங்கு இடம் நீலமாகத் தெரிந்தது. அதாவது புரோக்கர் புட்டி பூசச் சொன்ன இடத்துக்கு வெளியேயும் ஈரம் ஓடியிருக்கிறது. பையன் நுனியில் குண்டு வைத்த ஒரு கம்பியால் ஹால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனான். ஜன்னலோரம் சத்தம் மாறியது. அடியில் சிமென்ட் விட்டுப்போயிருந்தது. பால்கனி சன்ஷேடில் சுத்தியலால் லேசாகத் தட்டியதும் கையளவு காங்கிரீட் பெயர்ந்து விழுந்து துருப்பிடித்த கம்பி பல்லிளித்தது. கம்பி துரு ஏறினால் பருக்கும், பருத்தால் காங்கிரீட்டை வெளியே தள்ளும் என்று இன்ஜினியர் பொறுமையாக விளக்கினார். கீசர் பிளக்கில் எர்த் இல்லை என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். இத்தனை வருடம் அந்த பாத்ரூமில் குளித்தோம்!

எனக்கு மிகவும் பிடித்தது மேல்வீட்டுச் சோதனை. கசிவு குழாயிலா, தரையிலா என்று தெரிந்தால்தான் செலவு தெரியும். அதற்கு மேல்வீட்டு பாத்ரூமில் தண்ணீர் தேக்க வேண்டும். மேல்வீட்டு மாமி முதலில், “எங்க பாத்ரூம் மேல பழியா?” என்று சிலிர்த்துக்கொண்டார். பையன்தான் பேசிச் சரிக்கட்டினான். தரைத் தண்ணீர் வடிகிற ஓட்டையில் (நஹானி டிராப்) துணியைச் சுருட்டி அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் விட்டு, சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வந்தான். மறுநாள் வந்தபோது தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது, எங்கள் சீலிங்கில் மீட்டர் ஏறியிருந்தது. குழாய்க்கு வேலை இல்லை, தரையைப் பெயர்த்து வாட்டர் புரூஃபிங் செய்ய வேண்டும். பிளம்பர்கள் மாறி மாறி வந்தும் பிடிபடாத விஷயம் இது. கூடுதல் காசும் கேட்கவில்லை.

அறிக்கைதான் ஏமாற்றம். பக்கம் பக்கமாகப் படங்கள், முழுக்க ஆங்கிலம். ஆடுகிற ஸ்விட்சுக்கும் சிவப்பு, துருப்பிடித்த சன்ஷேடுக்கும் அதே சிவப்பு. எது ஆபத்து, எது அரை நாள் வேலை என்று படிக்கிறவருக்குத் தெரியாது. பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளந்து 1,600 என்று போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்பு இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. அதையும் பக்கத்தில் எழுதினால்தானே அந்த எண்ணுக்கு அர்த்தம்?

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை, வெள்ளம். வேளச்சேரியில் ஃபிளாட் வாங்குகிறவர் முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நோக்கி வடிய வேண்டிய தண்ணீர் எங்கள் தெருக்களில் நின்றுவிட்டுத்தான் போகும். கேட்டால், “அது எங்க ஸ்கோப்ல வராது மேடம்” என்றார்கள். அதனால் அறிக்கையோடு நானே தமிழில் ஒரு தாள் எழுதி இணைத்தேன். 2015 டிசம்பரில் பார்க்கிங்கில் பைக் சீட் மூழ்கத் தண்ணீர் நின்றது. சம்ப்பில் சாக்கடை கலந்தது. லிஃப்ட் பேனல் மாற்றினோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மறுபடி தண்ணீர் வந்தது, கரண்ட் நாள்கணக்கில் இல்லை, முதல் மாடி வீட்டுக்குள் மட்டும் இரண்டு முறையும் ஏறவில்லை. பால்கனிக்கு அப்பா போட்ட கிரில் அடைப்பு அப்ரூவ்டு பிளானில் கிடையாது. கார் நிறுத்தும் இடம் அசோசியேஷன் வாய்வார்த்தையாக ஒதுக்கியது, பத்திரத்தில் இல்லை. கோடையில் லாரித் தண்ணீர், அதற்குத் தனி வசூல். இதெல்லாம் எந்த மீட்டரிலும் வராது. குடியிருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் வந்த பார்ட்டி இதைப் படித்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனவர்கள்தான். புரோக்கர் கொஞ்ச நாள் என் போனை எடுக்கவில்லை. அடுத்து வந்த இளம் தம்பதியோடு பெண்ணின் அப்பாவும் வந்திருந்தார். ஆங்கில அறிக்கையைப் புரட்டிவிட்டு மூடினார், என் தாளை மட்டும் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு அவர்களுடைய கொத்தனாரைக் கூட்டிவந்து சன்ஷேடுக்கும் பாத்ரூமுக்கும் எஸ்டிமேட் போட்டார்கள். பேரம் அந்த எஸ்டிமேட்டைச் சுற்றியே நடந்தது. சீலிங்கைக் காட்டி மொத்த விலையில் பத்து லட்சம் குறை என்று யாரும் நிற்கவில்லை. கடைசியில் கொத்தனார் கணக்குக்குக் கொஞ்சம் மேலே குறைத்தோம். தம்பிக்கு மனசே இல்லை. அறிக்கையையும் என் தாளையும் அக்ரிமென்டில் இணைப்பாகச் சேர்த்துப் பக்கத்துக்குப் பக்கம் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். பிறகு ஐப்பசி மழையில் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. மேல்வீட்டு மாமி எப்போது ஊரில் இருப்பார் என்று கேட்கத்தான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆய்வுக்கு நாலரை, அறிக்கைக்கு இரண்டரை என்று பிரித்தும் கொள்ளலாம். புது அடுக்குமாடியை எடுத்து ஐந்து வருடத்துக்குள் என்றால் இவர்களுக்கு முன் பில்டரைக் கேளுங்கள். கட்டுமானக் குறையை, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடம் வரை வாங்கியவருக்குச் செலவில்லாமல் பில்டர் சரிசெய்து தர வேண்டும் என்று ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. எங்களைப் போன்ற பழைய கட்டடத்துக்கு அந்த வழி இல்லை. அங்கே இந்தச் சேவை உதவும். பணம் கட்டும் முன்பே தண்ணீர் தேக்கும் சோதனை உண்டா, எஸ்டிமேட் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். கூப்பிடுவதானால் கார்த்திகை, மார்கழியில் கூப்பிடுங்கள். சித்திரை வெயிலில் மீட்டர் வைத்தால் சென்னையில் எல்லாச் சுவரும் காய்ந்துதான் இருக்கும்.