பழைய வீட்டுப் பராமரிப்பு: தினக்கூலியா, லேபர் காண்ட்ராக்டா, மெட்டீரியலோடு முழுக் காண்ட்ராக்டா?

தமிழ்நாடு-கேரள எல்லையில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கம் பழைய வீட்டில் கை வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "சதுர அடிக்கு எவ்வளவு?" என்றுதான். புது வீட்டுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். பழைய வீட்டுக்கு ரேட் சொல்கிறவருக்குச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. பூச்சைத் தட்டினால் செங்கல் உப்பரித்துக் கிடக்கலாம். சன்ஷேடைக் கொத்தினால் கம்பி துருவேறிப் பாதியாகியிருக்கலாம். அந்த அபாயத்துக்கும் சேர்த்து ரேட்டை ஏற்றிச் சொல்வார். இல்லையென்றால் குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்துவிட்டு, பாதியில் 'எக்ஸ்ட்ரா' எழுத ஆரம்பிப்பார். அதனால் முழு வீட்டையும் ஒரே முறையில் ஒப்படைக்காமல், உடைப்பதைத் தினக்கூலிக்கும், உடைத்துப் பார்த்தபின் கட்டுவதை அளவு போட்டு லேபர் காண்ட்ராக்டுக்கும் விடுவதே பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டுப்படியாகும்.

தினக்கூலியில் கொத்தனாருக்கும் கையாளுக்கும் நாள் சம்பளம், சாமான் வீட்டுக்காரருடையது. அவசரப்பட்டு மூடி மறைக்க யாருக்கும் காரணமில்லை என்பது இதன் பலம். சீக்கிரம் முடிக்கவும் யாருக்கும் காரணமில்லை என்பது பலவீனம். உள்சுவர்ப் பூச்சில் ஒரு கொத்தனார் ஒரு நாளில் 100 சதுர அடி பக்கம் முடிப்பார். ஜன்னல் ஓரமும் மூலையும் அதிகம் இருந்தால் குறையும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நிற்க ஆள் இல்லாத வீட்டுக்கு, அதிலும் சொந்தக்காரர் வளைகுடாவில் இருக்கும் வீட்டுக்கு, தினக்கூலி ஒத்துவராது.

லேபர் காண்ட்ராக்டில் கூலி மட்டும் அளவுக்குப் பேசப்படும். வேகம் காண்ட்ராக்டருடைய லாபம். சிமென்ட் உங்களுடைய செலவு. இந்த இரண்டும் மோதும் இடத்தில்தான் தரம் கெடும். காலையில் மொத்தமாகக் கலவை போட்டுவிட்டு, இறுகினால் தண்ணீர் தெளித்துக் கிளறி மத்தியானம் வரை ஓட்டுவார்கள். தண்ணீர் விட்ட கலவை அரை மணி, மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். உள்பூச்சு 12 மி.மீ. கனம், 1:5 கலவை (சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஐந்து பங்கு) என்றால் 100 சதுர அடிக்குச் சுமார் ஒரு மூட்டை சிமென்ட் பிடிக்கும். ஒன்றரை மூட்டை போனால் சுவர் குண்டும் குழியுமாக இருக்கிறது, அல்லது கலவை வீணாகிறது. பாதி மூட்டையில் முடிந்தால் சந்தோஷப்படாதீர்கள், கலவையைப் பாருங்கள்.

பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், அதில் போட்ட கான்கிரீட்டுக்குப் பத்து நாளாவது வேண்டும். லேபர் காண்ட்ராக்டர் இதைத் தன் வேலையாக நினைக்கமாட்டார். சாரம், இடிபாடு அள்ளுவது, மணல் சலிப்பது, தண்ணீர் ஊற்றுவது: இந்த நான்கும் யார் தலையில் என்று எழுதாத ரேட், ரேட்டே அல்ல.

ஒரு 5-க்கு 8 அடி குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் 182 சதுர அடி. இரண்டரை அடிக் கதவைக் கழித்தால் 165 பக்கம். சேதாரம் 8 சதவீதம் சேர்த்தால் 178. 12-க்கு 18 இஞ்ச் சுவர் டைல்ஸ் பெட்டிக்கு 6 துண்டு, அதாவது சுமார் 8.7 சதுர அடி. ஆக 21 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றா என்று இறக்கும்போதே பார்த்துவிடுங்கள்; பிறகு வாங்கும் ஒரு பெட்டி நிறம் சேராது. பழைய டைல்ஸை உடைக்க இரண்டு கையாள் ஒன்றரை, இரண்டு நாள். இடிபாடு மட்டும் காலி சிமென்ட் சாக்கில் 40-க்கு மேல் வரும். பலர் ரேட் பேசும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

உடைத்த பிறகு நிறுத்தி, மூன்று விஷயம் முடியும்வரை டைல்ஸ்காரரை உள்ளே விடக்கூடாது. பைப்பில் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, ஒரு நாள் முழுக்க அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்க வேண்டும். வாட்டர்ப்ரூஃப் பூசிக் காய்ந்ததும் தரையில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழ்த்தளத்துச் சீலிங்கைப் பார்க்க வேண்டும். தரைச் சரிவு 4 அடிக்கு அரை இஞ்ச் இருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். தினக்கூலியில் இந்தக் காத்திருப்புக்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். முழுக் காண்ட்ராக்டில் இதுதான் முதலில் வெட்டுப்படும். ஒட்டி முடித்த டைல்ஸை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால், நடுவிலும் நாலு மூலையிலும் மட்டும் கலவையை அப்பி ஒட்டியிருக்கிறார்கள்.

மெட்டீரியலோடு முழுக் காண்ட்ராக்ட் வெளியூரில் இருப்பவர்களுக்கு வசதி. ஆனால் அதில் லாபம் ஒளிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாத சாமானில். இங்கே மழைக்குப் பயந்து மாடிக்கு மாடி இரும்புப் பைப்பில் சட்டம் கட்டி ஷீட் போடும் ட்ரஸ் ஒர்க்கே நல்ல உதாரணம். கொட்டேஷனில் '2-க்கு 1 இஞ்ச் ஜி.ஐ. பைப்' என்று மட்டும் இருக்கும், கனம் இருக்காது. 6 மீட்டர் பைப் 2 மி.மீ. கனம் என்றால் 13 கிலோவுக்கு மேல் நிற்கும், 1.2 மி.மீ. என்றால் 8 கிலோ சொச்சம்தான். பெயின்ட் அடித்து மேலே ஏற்றிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அடுத்த காற்றுமழை வரை. சாமான் இறங்கும் அன்றே ஒரு பைப்பைத் தராசில் வையுங்கள். சதுர அடிக் கணக்கு ஷீட்டின் அளவுக்கா, கட்டடத்தின் அளவுக்கா என்பதையும் முன்பே பேசுங்கள். நாலு பக்கமும் இரண்டடி நீட்டினால் வித்தியாசம் கணிசமானது.

வயரிங்கிலும் இதே கதை. லைட்டுக்கு 1.5, பவர் பிளக்கிற்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மி.மீ. என்று கம்பெனிப் பெயரோடு எழுத வேண்டும். கரண்ட் கசிந்தால் தானே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனி வரியில் வர வேண்டும். கொத்தனார் மேஸ்திரியே "எலக்ட்ரீஷியனையும் நானே கூட்டிவருகிறேன்" என்றால், வருகிறவரிடம் உரிமம் கேளுங்கள். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் உரிமம் தரும் வாரியம் தனித்தனி.

வாட்டர்ப்ரூஃப் கம்பெனிகளின் 'பத்து வருட வாரண்டி'யில் சிறிய எழுத்தைப் படியுங்கள். ஒழுகினால் மறுபடி பூசித் தருவார்கள்; டைல்ஸ் உடைத்து ஒட்டும் செலவு பெரும்பாலும் உங்களுடையது.

சண்டை அதிகம் வருவது அளக்கும் நாளில். 3-க்கு 7 அடிக் கதவு, 21 சதுர அடி. பூச்சுக்காரர் அதைக் கழிக்கவே மாட்டேன் என்பார், ஓரம் பூசியதைக் காட்டுவார். வீட்டுக்காரர் இருபக்கமும் கழிக்கச் சொல்வார். கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1200 இதற்கு நடுவழி வைத்திருக்கிறது: அரை சதுர மீட்டர் வரை திறப்பைக் கழிப்பதில்லை, அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 32 சதுர அடி வரை, ஒரு பக்கம் மட்டும் கழிவு, மறுபக்கம் ஓரப்பூச்சுக்கு ஈடு. 'அளவு ஐ.எஸ். 1200 படி' என்று ஒரே வரி எழுதிவிட்டால் போதும். கூரைக்குக் கழுக்கோலும் அதன்மேல் ஓடு தாங்கும் பட்டியலும் (மரச் சட்டங்கள்) மாற்றும் ஓட்டு வீடானால், பழைய ஆசாரிகள் கோல், விரல் கணக்கில் பேசலாம். ஒரு கோல் 24 விரல், 72 செ.மீ. மரத்துக்குக் கன அடியையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லைக்கு என்று சில கணக்குகள் உண்டு. கேரளத்தில் நாள் கூலி அதிகம். அதனால் இங்குள்ள நல்ல கொத்தனார்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் ஒரு வேலை கிடைத்தால் உங்கள் வேலையைப் பாதியில் விட்டுப் போவார்கள். வாரச் சம்பளத்தை முழுதாகக் கொடுக்காமல் சிறு பகுதியைக் கட்டம் முடியும்போது தருவதாகப் பேசுவது இதற்குத்தான். மணல் இங்கே யூனிட் கணக்கு, ஒரு யூனிட் 100 கன அடி. அந்தப் பக்கம் கன அடிக்கே விலை சொல்வார்கள். லாரி நிற்கும்போதே நீளம், அகலம், உயரம் அளந்துவிட வேண்டும். வீடு எல்லைக்கு அப்பால் இருந்தால் டைல்ஸ், சிமென்ட் இறக்குகூலியைத் தனியாகப் பேசுங்கள். வேலையே செய்யாமல் கேட்கும் நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது.

முன்பணம் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கடைசி 5 சதவீதம் ஒரு மழைக்காலம் தாண்டி. குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் கூரை வேலையை ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். கேரள ஆட்கள் என்றால் ஓண வாரத்தையும், வடமாநில ஆட்கள் என்றால் அவர்கள் ஊர்த் தேர்தலையும் தேதிக் கணக்கில் கழித்துவிடுங்கள்.