ஈஸ்டர் லீவுக்கு ஸ்கி: பெட்மரால்ப்பா, சாஸ்ஃபேயா?

மார்ச் பொறந்தா போதும், சூரிக்ல இருக்கிற நம்மாளுங்க நடுவுல ஒரே கேள்வி தான் ஓடும். ஈஸ்டருக்கு பிள்ளைங்கள ஸ்கிக்கு கூட்டிட்டு போலாமா, அப்போ பனி இருக்குமா, எங்க போனா கூட்டம் கம்மியா இருக்கும். பேச்சு கடைசியில ரெண்டு ஊர்ல வந்து நிக்கும், பெட்மரால்ப், சாஸ்ஃபே. ரெண்டும் சுவிஸ்ல வாலே கான்டன்ல (மாநிலத்துல) இருக்கு, ரெண்டு ஊருக்குள்ளயும் நம்ம கார் போக முடியாது, ரெண்டுக்கும் குடும்ப ஊர்னு பேரு. நாங்க ரெண்டுக்கும் போயிருக்கோம், இப்போதைக்கு எங்க வீட்டு ஓட்டு பெட்மரால்ப்புக்கு. எங்க பனி அதிகம்னு மட்டும் பாத்தா இது கோக்குமாக்கான முடிவா தெரியும், அதனால தான் கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

எல்லாரும் சொல்ற விஷயத்த முதல்ல முடிச்சிடுறேன். பெட்மரால்ப் ஊரே ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரம், லிஃப்ட்ல பெட்மர்ஹார்ன் 2,647 வரைக்கும் போலாம், பக்கத்து எக்கிஸ்ஹார்ன் 2,869. பக்கத்து ஊர் ரீடரால்ப், ஃபீஷரால்ப் எல்லாம் சேத்து அலெட்ச் அரேனானு ஒரே பாஸ், 100 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல பிஸ்ட், அதாவது ஸ்கிக்குன்னே சமன் பண்ணி வெச்ச பாதை. சாஸ்ஃபே ஊர் 1,800 தான், ஆனா மேல மிட்டெல்அலாலின் 3,500 மீட்டர், அங்க இருக்கிறது கிளேசியர், அதாவது பனியாறு, அதனால பனி இல்லாம போற பேச்சே இல்ல. பயணமும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், சூரிக்ல இருந்து விஸ்ப் ரெண்டு மணி நேரம், 2007ல லோட்ஷ்பெர்க் அடிவார சுரங்கம் திறந்த புண்ணியம். விஸ்ப்ல இருந்து சாஸ்ஃபேக்கு மஞ்சள் போஸ்ட் பஸ், பெட்மரால்ப்புக்கு மேட்டர்ஹார்ன் கோட்ஹார்ட் பான் சிவப்பு ட்ரெயின் புடிச்சு பிரிக் தாண்டி பெட்டன் டால்ஸ்டேஷன்ல இறங்கினா அங்கயே கேபிள் கார். செலவும் பெருசா வித்தியாசம் இல்ல, ரெண்டும் சுவிஸ் விலை தான், பர்ஸ் அழும்.

இப்போ விஷயத்துக்கு வரேன். ஏப்ரல்ல ஸ்கி போறதுன்னா உயரத்த விட முக்கியமா பாக்க வேண்டியது சரிவு எந்தத் திசைய பாத்திருக்குங்கிறது. பெட்மரால்ப் ரோன் பள்ளத்தாக்குக்கு மேல ஒரு மாடி மாதிரி நீளமா தெற்க பாத்து உக்காந்திருக்கு, காலைலயே வெயில் விழுந்திடும். சாஸ்ஃபே வடக்கு பாத்த கிண்ணம், சுத்தி 4,000 மீட்டர் மலைங்க, அதுல டோம் மட்டும் 4,500க்கும் மேல, வெயில் வந்தாலும் சாய்வா தான் தடவிட்டு போகும். ஸ்கி தெரிஞ்சவங்க யார கேட்டாலும் வசந்தத்துல வடக்கு பாத்த, உயரமான இடத்துக்கு போங்கனு தான் சொல்வாங்க, அது சரியான பேச்சு தான், ஆனா அது அவங்களுக்கு.

வசந்த பனி எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தா ஏன்னு புரியும். பகல்ல வெயில்ல மேல்பரப்பு உருகும், ராத்திரி உறையும், இது நாள் கணக்கா திரும்பத் திரும்ப நடக்க நடக்க பனி ஜவ்வரிசி சைஸ்ல உருண்டை மணியா மாறிடும். காலைல அந்த மணி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கான்கிரீட் கணக்கா இறுகி கிடக்கும், வெயில் பட்டதும் மேல ரெண்டு மூணு சென்டிமீட்டர் மட்டும் இளகும், அடி கெட்டியாவே இருக்கும். அந்த நேரம் தான் ஸ்கிக்கு சொர்க்கம், இங்கத்து ஆளுங்க ஃபிர்ன்னு சொல்றது அதைத் தான். இன்னும் ரெண்டு மணி நேரம் போனா ஈரம் உள்ள இறங்கி ஸ்லஷ், அதாவது சொதசொதனு தண்ணிப் பனி ஆயிடும். ஆக பனி நல்லா இருக்கா இல்லையாங்கிறத விட எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும் நல்லா இருக்குங்கிறது தான் கணக்கு. கிழக்கு பாத்த சரிவு முதல்ல இளகும், அப்புறம் தெற்கு, அப்புறம் மேற்கு, வடக்கு கடைசி, உயரத்துல இருக்கிற வடக்கு சில நாள் இளகவே இளகாது.

இப்போ சின்ன பிள்ளைங்க இருக்கிற வீட்டு காலை நேரத்த யோசிச்சு பாருங்க. எழுப்பி, பால் குடுத்து, தெர்மல் போட்டு, பூட்ஸ் மாட்டி, மாட்டினதுக்கப்புறம் பாத்ரூம் போகணும்னு சொல்றத கேட்டு, கழட்டி, மறுபடி மாட்டி பிஸ்ட்டுக்கு வரும்போது ஒன்பதரை. ஸ்கி ஸ்கூல் வகுப்பும் பெரும்பாலும் 10 மணி வாக்குல தான். பெட்மரால்ப்ல சரியா அந்த நேரத்துக்கு தான் ஊர் பக்கத்துல இருக்கிற சரிவு இளக ஆரம்பிக்கும். லிஃப்ட் திறந்தவுடனே போனீங்கன்னா ஸ்கி கரகரனு சத்தம் போட்டு பல்லு வரைக்கும் அதிரும், முதல் நாள் சாயங்காலம் மிஷின் இழுத்து விட்ட கோடு எல்லாம் அப்படியே உறைஞ்சு நிக்கும். ஒன்பதரை, பத்துக்கு அந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமா அடங்கி சர்ர்னு வழுக்க ஆரம்பிக்கும், காதால கேட்டே நேரம் சொல்லிடலாம். அப்போ எங்க சின்னவ ஸ்கி முனைய சேத்து வெச்சு பிரேக் போட்டா அது புடிக்குது, விழுந்தாலும் வலிக்கல, எழுந்து திரும்ப போறா. பன்னெண்டரை வாக்குல கனமாகும், அவளுக்கும் கால் ஓய்ஞ்சிருக்கும், பசி வேற. மூட்டை கட்டிட்டு வீட்டுக்கு போய் தயிர் சாதம், மத்தியானம் பெட்மர்ஸே ஏரிப்பக்கம் நடை, இல்லன்னா ஸ்லெட்னு சொல்ற பனிச்சறுக்கு வண்டி. பெரியவனுக்கு இன்னும் ஆசை இருந்தா ஒருத்தர் அவன கூட்டிட்டு பெட்மர்ஹார்ன் மேல போயிடலாம், அங்க உயரத்துனால இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலா நிக்கும், அதோட அலெட்ச் கிளேசியரயும் பாத்த மாதிரி ஆச்சு. ஆல்ப்ஸ்லயே நீளமானது, ஏறத்தாழ 20 கிலோமீட்டர், 2001ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, ஸ்கி தெரியாத மாமியாரக் கூட கேபிள் கார்ல கூட்டிட்டு போய் காட்டலாம்.

அதே காலைய சாஸ்ஃபேல வெச்சு பாருங்க. பத்து மணிக்கு ஊர் அடியில இருக்கிற பழகுற சரிவு நிழல் விலகி கொஞ்ச நேரம் தான் ஆகியிருக்கும், தெளிஞ்ச ராத்திரிக்கு அடுத்த நாளுன்னா கண்ணாடியா இறுகி இருக்கும், ஐஸ்ல பிரேக் போட பெரியவங்களுக்கே தடுமாறும், இருபது கிலோ எடை இருக்கிற பிள்ளையால ஸ்கியோட ஓரத்த பனியில அழுத்தி புடிக்க முடியாது, சறுக்கிட்டே போகும். முதல் பதினஞ்சு நிமிஷத்துல பயந்திடுச்சுன்னா அன்னிக்கு நாள் காலி, என்ன சாக்லேட் காட்டினாலும் வராது. மேல போனா பனி அருமை, ஏப்ரல்லயும் ஜனவரி மாதிரி காஞ்ச பனி, ஆனா அங்க 3,000ல இருந்து 3,500 மீட்டர், சின்ன பிள்ளைக்கு தலைவலி, சோர்வு, குளிர் காத்து. அதோட அது கிளேசியர், கம்பு நட்டு வெச்ச பாதைய விட்டு ஒரு அடி வெளிய போகக் கூடாது, பனிக்கு அடியில வெடிப்பு இருக்கும், துறுதுறுன்னு இருக்கிற பத்து வயசு பையன வெச்சுக்கிட்டு அத நினைச்சாலே எனக்கு வயித்த கலக்கும்.

ஆனா பெட்மரால்ப்புக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அத மறைக்க மாட்டேன். மேல சொன்ன கணக்கு எல்லாம் ராத்திரி உறைஞ்சா தான். வானம் தெளிவா இருந்தா காத்து ஒண்ணு ரெண்டு டிகிரி ப்ளஸ்ல இருந்தாலும் பனி தன்னோட சூட்ட வெளிய விட்டு மேல்பரப்பு உறைஞ்சிடும். மேகம் மூடிட்டா, இல்ல ஃபோயன்னு மலை தாண்டி இறங்குற சூடான காத்து அடிச்சா உறையாது, காலை எட்டு மணிக்கே ஸ்லஷ், ஒன்பதுக்கு கஞ்சி. அப்படி ஒரு நாள்ல ரீடரால்ப் பக்கம் போற தட்டையான பாதையில மாட்டிக்காதீங்க, ஈரப் பனி ஸ்கிய அடியில இருந்து புடிச்சு இழுக்கும், பிள்ளைங்க நின்னுடும், அப்புறம் ரெண்டு பேர் ஸ்கியும் உங்க தோள்ல. சஹாரா தூசி வந்து படிஞ்சா இன்னும் மோசம், 2021 பிப்ரவரில வானமே ஆரஞ்சு ஆச்சே, அந்த மாதிரி தூசி படிஞ்ச பனி கருத்து வெயில அதிகமா இழுத்து சீக்கிரம் உருகும். இந்த நாள்ல எல்லாம் சாஸ்ஃபே தான் ஜெயிக்கும், மேல 2,500க்கு மேல போயிட்டா பிரச்சனை இல்ல.

அதனால தூங்குறதுக்கு முன்னாடி பால்கனில நின்னு வானத்த பாருங்க, நட்சத்திரம் தெரிஞ்சா அலாரம் வைங்க. காலைல கூரையில சொட்டிட்டு இருந்த தண்ணி ஊசியா உறைஞ்சிருந்தா கிளம்புங்க, இன்னும் சொட்டிட்டே இருந்தா தோசை சுட்டு சாப்பிட்டு மெதுவா போங்க. டாவோஸ்ல இருக்கிற எஸ்எல்எஃப்ங்கிற பனி ஆராய்ச்சி நிலையத்துல சாயங்காலம் 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை போடுவாங்க, பிஸ்ட்டுக்குள்ளயே ஓட்டுறவங்களுக்கு நேரடியா தேவையில்ல தான், ஆனா அதுல ஈரப் பனிச்சரிவு மத்தியானம் கூடும்னு எழுதியிருந்தா அன்னிக்கு மதியத்துக்குள்ள உங்க ஸ்கி முடிஞ்சிடும்னு அர்த்தம் பண்ணிக்கலாம், செங்குத்தான சில பாதைய அவங்களே மூடிடுவாங்க.

இன்னொரு குறை, லக்கேஜ். பெட்மரால்ப்ல குளிர்காலத்துல தெருவே பனி தான், கேபிள் கார் ஸ்டேஷன்ல இருந்து பெட்டிய ஸ்லெட்ல வெச்சு இழுத்துட்டு போறது பிள்ளைங்களுக்கு பாதி லீவு சந்தோஷம். ஏப்ரல்ல அந்த தெருவுல பாதி பனி, பாதி ஜல்லி, ஸ்லெட் அடிப்பட்டை கல்லுல உரசி கிறீச்சுனு கத்தும், இறங்கி தூக்கணும், திரும்ப வைக்கணும், ரைஸ் குக்கர் வேற உள்ள இருக்கும். சாஸ்ஃபேல எலக்ட்ரிக் டாக்சி வாசல்ல இறக்கி விட்டுடும், அதுல அவங்க தான் மேல்.

சன் ஸ்க்ரீன் ரெண்டு ஊருக்கும் பொது. நம்ம கலருக்கு வெயில் என்ன பண்ணும்னு அலட்சியமா இருக்கிற அப்பாக்கள் நிறைய பேர பாத்திருக்கேன். புதுப் பனி புற ஊதாக் கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும், அதாவது கீழ இருந்து சுடும், மோவாய்க்கு அடியிலயும் மூக்குத் துவாரத்து ஓரத்துலயும் தான் முதல்ல எரியும். கண்ணாடி இல்லாம பிள்ளைய வெளிய விடாதீங்க.

மூணாவதா ஆஸ்திரியால ஓபர்குர்க்ல் பேரும் அடிபடும். நான் அங்க போனது பிள்ளைங்க இல்லாம, ஆபிஸ் கூட்டாளிங்களோட, அதனால நான் சொல்றத கொஞ்சம் தள்ளி வெச்சே எடுத்துக்கோங்க. ஊர் 1,930 மீட்டர், சரிவு பெரும்பாலும் வடமேற்கு, ஹோக்குர்க்ல் பக்கம் வுர்ம்கோகல் 3,082 வரைக்கும் போகுது, கிளேசியர் மேல ஓட்டாமயே ஏப்ரல் கடைசி வரைக்கும் பனி நிக்குற ஊர்னு பேரு.  சின்ன ஊர், ராத்திரி சத்தம் கம்மி, ஆனா தங்குறது பெரும்பாலும் சாப்பாட்டோட சேத்த நாலு ஸ்டார் ஹோட்டல், கிச்சன் இருக்கிற வீடு எடுத்து சமைச்சு சமாளிக்கிற நம்ம பழக்கத்துக்கு அங்க வழி கம்மி, சைவம்னா தினம் சாயங்காலம் மெனுவ பாத்து ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். சூரிக்ல இருந்து ட்ரெயின்ல ஓட்ஸ்டால் போய் பஸ் மாறணும், பிள்ளை ஸ்கி, பெரியவங்க ஸ்கி, பை எல்லாத்தோடயும் அத பண்ண எனக்கு தெம்பு இல்ல.

புக் பண்றதுக்கு முன்னாடி காலண்டர பாருங்க, நான் பாக்குறது அது தான் முதல்ல. ஈஸ்டர் 2026ல ஏப்ரல் 5, 2027ல மார்ச் 28, இந்த மாதிரி வருஷத்துல பெட்மரால்ப் யோசிக்காம போகலாம், ராத்திரி உறையுற வாய்ப்பு நல்லாவே இருக்கும். 2028ல ஏப்ரல் 16, அப்போ தெற்கு பாத்த சரிவ நம்பி முன்பணம் கட்ட மாட்டேன், அதுக்குள்ள எங்க சின்னவளும் ஐஸ்ல நிக்க பழகியிருப்பா, சாஸ்ஃபே தான். ஏப்ரல் பாதிக்கு மேல எந்த லிஃப்ட் எப்போ நிக்கும்ங்கிறது வருஷத்துக்கு வருஷம் மாறும், தேதி பாத்துட்டு ரூம் போடுங்க, சூரிக் ஸ்கூல் வசந்த லீவு அனேகமா அதுக்கு அப்புறம் தான் வரும். லேட் ஈஸ்டர்னா வெயில் மட்டும் தான் இருக்கும்னும் நினைக்காதீங்க, 2025ல ஈஸ்டர் ஏப்ரல் 20, அதுக்கு முந்தின வியாழக்கிழமை வாலேல ஒரே நாள்ல மலை மேல ஒரு மீட்டருக்கு பக்கமா பனி கொட்டி, ரோடு, ட்ரெயின் எல்லாம் மூடி செர்மாட் ஊரே துண்டிச்சு நின்னுச்சு. அதனால எந்த ஊரா இருந்தாலும் கேன்சல் பண்ண வசதி இருக்கிற வீடா எடுங்க, அரிசியும் பருப்பும் ரெண்டு நாளைக்கு கூடுதலாவே கட்டிட்டு போங்க.