என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை: நான்கு வருடம் வாங்கிய வீட்டிலிருந்து

என் மகள் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதித் தேறினாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடிக்கும்வரை வருடத்துக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. இந்தத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று ஊரெல்லாம் வீடியோ இருக்கிறது, ஆனால் தேறின பிறகு என்ன நடக்கும், பணம் எப்படி வரும், எங்கே சிக்கும் என்று வாங்கின வீட்டுக்காரர்கள் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே மதிப்பெண் போட்டுவிடுகிறேன். தேர்வுக்கு ஐந்துக்கு ஐந்து. தொகைக்கு மூன்று. வருடா வருடம் புதுப்பிக்கிற ஏற்பாட்டுக்கு ஒன்று, அதுவும் மனசில்லாமல்தான்.

தெரியாதவர்களுக்காக: இதன் முழுப்பெயர் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டம். மத்திய அரசு 2008இல் கொண்டு வந்தது. நன்றாகப் படிக்கிற ஏழைப் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். நாடு முழுக்க வருடத்துக்கு ஒரு லட்சம் பேர், அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறவர்கள் எழுதலாம், ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50), பெற்றோர் வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. என் வீட்டுக்காரர் பெயின்டிங் வேலை பார்க்கிறார், மழைக்காலத்தில் வேலையே இருக்காது, அதனால் வருமானச் சான்றுக்கு நாங்கள் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. விண்ணப்பத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தால் பள்ளியே ஏற்றிவிடுவார்கள், 50 ரூபாய் கட்டணம், அவ்வளவுதான்.

இனி தேர்வு. இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிடம், தவறான விடைக்கு மதிப்பெண் பிடிக்க மாட்டார்கள். ஒன்று படிப்பறிவுத் தாள், அதாவது அறிவியல், சமூக அறிவியல், கணக்கு. இன்னொன்று மனத்திறன் தாள், எனக்குப் பிடித்தது அதுதான். 2, 6, 12, 20, 30, அடுத்தது என்ன என்று கேட்பார்கள். திசை, குறியீடு, நாட்காட்டி, படங்களில் மாறுபட்டது எது, இப்படிப் போகும். பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்து இதில் ஒன்றும் கிழிக்க முடியாது. என் மகளுக்குக் கண்ணாடியில் தெரிகிற கடிகாரக் கணக்கு மட்டும் பிடிபடவே இல்லை. ஒரு நாள் ராத்திரி பவுடர் டப்பா மூடியில் இருக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துச் சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். மணி 8.20, கண்ணாடியில் 3.40. முள்ளை நகர்த்தி நகர்த்தி நாலைந்து தடவை பார்த்துவிட்டு, "அம்மா, ரெண்டையும் கூட்டினா எப்பவும் பன்னிரண்டுதான் வருது" என்று கத்தினாள் பாருங்கள், பக்கத்து வீட்டில் எழுந்துவிட்டார்கள். டியூஷனுக்கு அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் மூளையை மட்டும் வைத்து ஜெயிக்க ஒரு வழி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே நம்பிக்கை வந்தது. அதனால்தான் தேர்வுக்கு ஐந்துக்கு ஐந்து.

தகுதி பெற இரண்டு தாளும் சேர்த்து 40 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 32. ஆனால் இடம் குறைவு என்பதால் 180க்கு 72 வாங்கினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், எத்தனை முடியுமோ அத்தனை வாங்கச் சொல்லுங்கள்.

தொகையைப் பற்றி. மாதம் 500 என்று இருந்ததை 2017 ஏப்ரலிலிருந்து 1,000 ஆக்கினார்கள். அதற்கப்புறம் ஏற்றவே இல்லை. அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் இன்றைக்கு வேலைக்கே போயிருப்பார்கள், விலைவாசி எங்கேயோ போய்விட்டது, தொகை மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. இருந்தாலும் எங்கள் வீட்டில் அது பெரிய பணம், அதை மறைக்கமாட்டேன். முதல் தவணை வந்ததும் மகளுக்குக் கண் பரிசோதனை செய்து கண்ணாடி வாங்கினோம். ஒரு வருடமாகக் கரும்பலகை மங்கலாகத் தெரிந்திருக்கிறது, செலவு வைக்கக் கூடாது என்று எங்களிடம் சொல்லவே இல்லை. கண்ணாடி போட்ட அன்றைக்கு எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்த்து, "இவ்வளவு இலை இருக்கா" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தத் திட்டத்துக்கு நான் காலத்துக்கும் நன்றி சொல்வேன்.

மாநில அரசின் ஊரகத் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது, கிராமத்துப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் எழுதுவது. மாவட்டத்துக்கு 50 ஆண், 50 பெண். அதில் கிடைப்பது வருடத்துக்கு 1,000 ரூபாய், மாதத்துக்கு இல்லை. வருமான வரம்பும் ஒரு லட்சம்தான். அதைப் பார்த்தால் என்.எம்.எம்.எஸ். எவ்வளவோ மேல்.

சரி, இப்போது சிக்கலுக்கு வருகிறேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

பணம் நேரடியாகப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். நல்ல விஷயம், நடுவில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் நீங்கள் படிவத்தில் எழுதிக் கொடுத்த கணக்குக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். ஆதார் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைந்திருக்கிறதோ அங்கே போகும். எங்களுக்கு நடந்தது அதுதான். இந்தத் தொகைக்காகவே ஒரு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கி, மாதாமாதம் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்து பார்த்தேன், ஒன்றுமே இல்லை. கூடத் தேறின பிள்ளைகளுக்கெல்லாம் வந்துவிட்டது. பள்ளியில் கேட்டால் வங்கியில் கேளுங்கள் என்றார்கள், வங்கியில் கேட்டால் பள்ளியில் கேளுங்கள் என்றார்கள். ஏழு மாதம் கழித்து, ஒரு ஆசிரியைதான் ஆதார் இணையதளத்தில் ஓ.டி.பி. போட்டுப் பார்த்துச் சொன்னார், ஆதார் வேறொரு வங்கியில் இணைந்திருக்கிறது என்று. ஆறாம் வகுப்பில் வேறு ஒரு உதவித்தொகைக்காகத் திறந்து நாங்கள் மறந்தே போன கணக்கு! பணம் அங்கே போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. கணக்கு முடங்கிக் கிடந்ததால் அதை உயிர்ப்பிக்க இன்னும் இரண்டு தடவை அலைந்தோம், ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரருக்கு ஒரு நாள் கூலி போச்சு.

அதனால் தேர்வு முடிவு வந்த அன்றைக்கே முதல் வேலையாக ஆதார் எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் உங்கள் கையில் இருக்க வேண்டும். பெயரையும் எழுத்துக்கு எழுத்து பாருங்கள், எங்களுக்குப் பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், அதற்கே ஒரு தடவை விண்ணப்பம் நின்றது. அப்புறம் 15 வயதானதும் ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும், பத்தாம் வகுப்புப் பரபரப்பில் அது மறந்துபோகும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. புதுப்பித்தல்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது. ஒரு தடவை தேறினால் நான்கு வருடமும் தானாக வரும் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறோம். இல்லை. ஒவ்வொரு வருடமும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும், பள்ளி சரிபார்க்க வேண்டும், அப்புறம் மாவட்ட அளவில் ஒருவர் சரிபார்க்க வேண்டும். மூன்று பேரில் ஒருவர் தேதியைத் தவறவிட்டால் அந்த வருடப் பணம் போனதுதான். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் வாங்கினால்தான் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 55) பதினொன்றில் தொடரும் என்பது நியாயமான விதி, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நம் பக்கம் பத்து வரைக்கும் ஒரு பள்ளி, பதினொன்றுக்கு வேறு பள்ளி என்பதுதானே வழக்கம்? பிள்ளை மாறும்போது இந்தத் தகவலை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? பழைய பள்ளிக்கு அது அவர்கள் பிள்ளை இல்லை, புதிய பள்ளிக்கு அப்படி ஒரு பிள்ளை வந்திருப்பதே தெரியாது.

என் மகளோடு தேறின ஒரு பெண், பத்தாம் வகுப்பில் 440க்கு மேல் எடுத்தவள், இப்படித்தான் கோட்டைவிட்டாள். அப்பா இல்லை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், ஸ்மார்ட்போன் கிடையாது. புதிய பள்ளியில் யாரும் கேட்கவில்லை, இவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருடம், 24,000 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பு பாதியில்தான் என் மகள் மூலம் விஷயம் தெரிந்தது, அப்போது ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த அம்மா என்னிடம், "நான் படிச்சிருந்தா இது போயிருக்காதுல்ல அக்கா" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. யாருக்காக இந்தத் திட்டமோ அவர்களிடமிருந்துதான் பணம் நழுவுகிறது. பிள்ளை எங்கே படிக்கிறது, பாஸா இல்லையா என்பதெல்லாம் அரசாங்கத்திடமே இருக்கிறது, அதை வைத்துத் தானாகத் தொடரச் செய்யலாம். முடியாதென்றால், "உங்கள் பெண்ணுக்குப் புதுப்பிக்கவில்லை" என்று அம்மாவின் போனுக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பலாம்.

இன்னொரு சின்ன வருத்தம். இவ்வளவு திறமையான பிள்ளைகள் என்று தேர்வு வைத்துக் கண்டுபிடித்துவிட்டு, பணத்தைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. ஒரு கோடை முகாம், நாலு புத்தகம், கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளையோடு பேச ஒரு ஆசிரியர், எதுவும் கிடையாது.

எழுதலாமா வேண்டாமா என்று கேட்டால் கட்டாயம் எழுத வையுங்கள். தவறினாலும் வழி இருக்கிறது: பதினொன்றாம் வகுப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, 1,000 பேருக்கு வருடம் 10,000 ரூபாய், இளநிலைப் பட்டம் முடிக்கும்வரை. தமிழில் கெட்டியான பிள்ளை என்றால் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு, 1,500 பேருக்கு மாதம் 1,500 வீதம் இரண்டு வருடம்.

என் தங்கை மகன் இப்போது எட்டாம் வகுப்பு. அவனுடைய ஆதார் எந்த வங்கியில் இருக்கிறது என்று போன வாரமே பார்த்துவிட்டோம். பவுடர் டப்பா கண்ணாடி அவனிடம்தான் இருக்கிறது, மகள்தான் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுக்கிறாள்.