குளிருக்கு முன் சாமந்தி பூக்க: முந்திய ரகமா, கறுப்புத் துணியா, தொட்டியா, பனி மூடாக்கா?

சாமந்திச் செடி புதர்போல மதமதவென்று வளர்ந்து நிற்கும். கிளைக்குக் கிளை மிளகளவு மொட்டு. இன்னும் பதினைந்து நாள் கிடைத்தால் போதும், பாத்தி முழுக்க மஞ்சள்தான் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒரே இரவில் கடும் உறைபனி இறங்கிவிடும். விடிந்து பார்த்தால் வேகவைத்த கீரைபோல மொட்டெல்லாம் துவண்டு கிடக்கும். குளிர் நாட்டில் செடி வளர்க்கிறவர்களுக்கு இது பழகிய துக்கம். எனக்கு அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் இப்படி ஆனது. மூன்றாம் ஆண்டிலிருந்து, பலரும் சொல்லும் நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தேன். எது யாருக்கு உதவும், எதில் எவ்வளவு பாடு இருக்கிறது என்பதைப் பேசவே இந்த அலசல்.

முதலில் செடியின் கணக்கைப் புரிந்துகொண்டால் மீதி எளிது. சாமந்தி ஒரு குறும்பகல் தாவரம். வயதாகிவிட்டது, உயரம் போதும் என்று அது பூப்பதில்லை. இரவு போதிய அளவு நீண்டால்தான் பூக்கும். சோயா, பாய்ன்செட்டியா, பெரும்பாலான கஞ்சா ரகங்கள் எல்லாம் இதே இனம்தான். இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும். ‘மேரிலேண்ட் மாமத்’ என்ற புகையிலை கோடை முழுக்கப் பூக்காமல் வளர்ந்துகொண்டே போவதையும், அதையே குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் பூத்துவிடுவதையும் பார்த்துக் குழம்பினார்கள். 1918 கோடையில் செடிகளைத் தினமும் சில மணி நேரம் இருட்டுப் பெட்டிக்குள் அடைத்துப் பார்த்தார்கள். பூத்தது. 1920இல் அந்த முடிவுகள் வெளியாயின. அதன்பின் 1938இல் தாவர ஆய்வாளர்கள் ஹாம்னரும் பானரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: செடி அளப்பது பகலை அல்ல, இடைவெட்டில்லாத இரவை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலே சில செடிகளுக்கு அந்த இரவு கணக்கில் சேராது. இந்த ஒரு விஷயம்தான் பின்னால் என்னைப் படுத்திவைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சாமந்தியில் மொட்டு தோன்றப் பகல் சுமார் 14½ மணி நேரத்துக்குக் கீழே இறங்க வேண்டும். தோன்றிய மொட்டு வளர்ந்து விரிய அது 13½ மணி நேரத்துக்கும் கீழே போக வேண்டும். ரகத்துக்கு ரகம் இது கொஞ்சம் மாறும். வடக்கே 40 பாகை அகலாங்கில் ஜூலை நான்காம் வாரத்திலேயே முதல் எல்லை வந்துவிடுகிறது. 50 பாகையில் ஆகஸ்ட் நடுவரை காத்திருக்க வேண்டும். இரண்டாம் எல்லைக்குச் செப்டம்பர் தொடக்கம் ஆகிவிடும். அதாவது எந்த ஊரில் குளிர் சீக்கிரம் வருகிறதோ, அங்கேதான் செடிக்குப் பூக்கும் அறிகுறி தாமதமாகக் கிடைக்கிறது. இந்த முரண்தான் நம் பிரச்சினை முழுவதும்.

முந்திய ரகம்

குறும்பகல் தொடங்கியதிலிருந்து பூ விரிய எத்தனை வாரம் என்பதை வைத்துத்தான் சாமந்தி ரகங்களைப் பிரிக்கிறார்கள். தோட்டத்துக்கென்றே உருவான ரகங்கள் பெரும்பாலும் 6 முதல் 8 வாரம். வெட்டுப் பூவுக்கான ரகங்கள் 9, 10, 11 என்று போகும். அதற்கும் மேலே இழுப்பவையும் உண்டு. 50 பாகையில் ஆகஸ்ட் நடுவிலிருந்து எண்ணினால், 7 வார ரகம் அக்டோபர் முதல் வாரத்தில் விரியும். 10 வார ரகம் அக்டோபர் கடைசி. இந்த மூன்று வாரத்துக்குள்தான் பல ஊர்களில் முதல் உறைபனி விழுகிறது. என் இரண்டு ஆண்டுத் தோல்விக்கும் காரணம் இதுதான். பூவின் படத்தைப் பார்த்து நாற்று வாங்கினேன், வாரத்தைக் கேட்கவில்லை.

இந்த வழியின் பெரிய நன்மை, கோடையில் உங்களுக்குக் கூடுதல் வேலை எதுவும் இல்லை. வெளியூர் போகலாம், நிம்மதியாகத் தூங்கலாம். குறை, தேர்வு சுருங்கிவிடும். உள்ளங்கை அகலத்துக்கு இதழ்கள் உள்நோக்கிச் சுருளும் பெரிய பூ, சிலந்திக் கால்போல நீளும் பூ ஆகியவை அநேகமாகத் தாமத ரகங்களில்தான் கிடைக்கும். முந்திய ரகங்களில் சின்னப் பூக்கள் கொத்தாக வரும். எனக்கு அது குறையாகவே படவில்லை. பெரிய பூவுக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு இது போதாது.

ரகம் சரியாக இருந்தும் தாமதமாகிறதென்றால் கையைப் பாருங்கள். புதராக வளர நுனி கிள்ளுவோம் அல்லவா? ஒவ்வொரு கிள்ளலுக்குப் பிறகும் புதுத் துளிர் வந்து, அது மொட்டு வைக்கும் பக்குவத்துக்கு வளர நாள் பிடிக்கும். ஜூலை முதல் வாரத்தோடு கிள்ளுவதை நிறுத்திவிடுவது நல்லது. ஆகஸ்டில் “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று கிள்ளுகிறவர்கள் தம் பூவைத் தாமே தள்ளிப்போடுகிறார்கள்.

கறுப்புத் துணி

இயற்கை இரவு நீளும்வரை காத்திருக்காமல் நாமே இரவை நீட்டுவது. கண்ணாடி வீடுகளில் ஆண்டு முழுக்கச் சாமந்தி விளைவிக்கிறவர்கள் செய்வது இதைத்தான். வீட்டுப் பாத்தியிலும் செய்யலாம்: பாத்திக்கு மேலே வளைத்த குழாய்கள், அதன்மேல் வெளிச்சம் புகாத துணி, ஓரங்களில் செங்கல். சாயங்காலம் மூடி, காலையில் திறந்து, 13 மணி நேரமாவது இருட்டு கொடுக்க வேண்டும். மொட்டு நிறம் காட்டும்வரை நாள் தவறக் கூடாது.

முதல் உறைபனி அக்டோபர் தொடக்கத்தில் என்றால், ஜூலை நடுவில் மூடத் தொடங்கினால் போதும். 8 வார ரகம் செப்டம்பர் நடுவில் விரிந்துவிடும். பூவை ரசிக்க மூன்று வாரம் மிச்சம். தாமத ரகத்தையும் இப்படிக் குளிருக்கு முன் கொண்டுவரலாம். இரவை நீட்டாமல் வேறெந்த வழியாலும் அது முடியாது. இதனாலேயே உறுதி என்று பார்த்தால் துணிக்கு நிகர் எதுவும் இல்லை.

ஆனால் ஆறு வாரம் மூடித் திறப்பது என்றால் எண்பதுக்கும் மேற்பட்ட தடவை. மழை, காற்று, விருந்தாளி, காய்ச்சல் எல்லாம் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் தவறினால் பெரும்பாலும் சில நாள் தாமதத்தோடு போய்விடும். தொடக்க வாரங்களில் அடிக்கடி தவறினால் செடி குழம்பிவிடுகிறது. மொட்டு ஒன்று உருவாகி அப்படியே நிற்கும். அதன் கீழே பட்டையாக, வெட்டில்லாத விநோத இலைகள் வரும். பக்கத் துளிர்கள் அதைத் தாண்டி வளரும். அந்த இலைகளைப் பார்த்தால் எங்கோ சில இரவுகள் கெட்டிருக்கின்றன என்று புரிந்துகொள்ளலாம்.

பலரும் கவனிக்காத தொல்லை சூடு. ஜூலை மாலை ஆறு மணிக்கு வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அப்போது கறுப்புப் பிளாஸ்டிக்கைப் போட்டு மூடினால் உள்ளே அடுப்பு. இருட்டு வேளையில் சூடு ஏறினால் சாமந்தி மொட்டு வளர்ச்சியே தள்ளிப்போகும். சீக்கிரம் பூக்கச் செய்த வேலை நேர்மாறாகத் திரும்பும். துணி போட்ட முதல் ஆண்டு நான் செய்த தவறு இதுதான். பிறகு நேரத்தை மாற்றினேன். இரவு எட்டுக்கு மூடி, காலை ஒன்பதுக்குத் திறப்பது. வெயில் சாய்ந்த பிறகு மூடுவதால் உள்ளே வெப்பம் தேங்காது. நெய்த துணி, வெளிப்பக்கம் வெள்ளையோ வெள்ளியோ என்றால் இன்னும் நல்லது. நன்றாக இருட்டிய பிறகு ஒருமுறை எழுந்து துணியை விலக்கிக் காற்றுவிட்டு, விடியலுக்கு முன் மறுபடி மூடுகிறவர்களும் உண்டு. அவர்களை மதிக்கிறேன், என்னால் நான்கு நாளுக்கு மேல் முடியவில்லை.

காலையில் துணியைத் தூக்கும் அந்தக் கணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இலைகளின் காரமான மணம் ஈரத்தோடு குப்பென்று முகத்தில் அடிக்கும். துணியின் உட்புறம் முத்து முத்தாக நீர். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் நுனியைக் கட்டைவிரலால் மெல்ல விலக்கிப் பார்த்தேன். குட்டி இலைகளுக்கு நடுவே கடுகளவில் ஒரு பச்சைப் பொத்தான், மேலே தட்டையாக. அன்றைக்கு ஆகஸ்ட் முதல் வாரம்தான் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மூடாமல் விட்ட செடியில் வெறும் துளிர். பட்ட பாடெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோனது.

ஒரு எச்சரிக்கை. செடி சின்னதாக இருக்கும்போதே மூடத் தொடங்கினால், சின்னச் செடியில் நாலு பூ பூத்து முடிந்துவிடும். மொட்டு வைத்ததும் அந்தக் கிளை நுனியில் புது இலை வராது. வளர விட்டு, கிளை பரப்பிய பிறகே இரவை நீட்டுங்கள்.

தொட்டியும் இருட்டறையும்

அதே தத்துவம்தான். துணியைச் செடியிடம் கொண்டுபோவதற்குப் பதில், செடியைத் தொட்டியோடு தூக்கி இருட்டான கொட்டகையிலோ சாமான் அறையிலோ வைக்கிறோம். கூரையும் சுவரும் உள்ள அறை துணியைவிடச் சூடு குறைவாக இருந்தால் நல்ல பலன். காற்றில் பறக்காது, மழையில் ஊறாது. உறைபனி எச்சரிக்கை வந்த இரவில் அதே தொட்டி அதே அறைக்குள் ஒதுங்கிக்கொள்ளும். இந்த இரட்டைப் பயன் மற்ற மூன்றில் எதற்கும் இல்லை.

தடை, நம் முதுகுதான். நீர் ஊறிய பெரிய தொட்டியை நாளுக்கு இரண்டு தடவை தூக்குவது விளையாட்டல்ல. சக்கரப் பலகை இருந்தால் சமாளிக்கலாம். தொட்டி பாத்தியைவிட வேகமாகக் காயும், ஆகவே நீரும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். ஐந்தாறு செடி வைத்திருக்கிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுவே. இருபது செடி என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

பனி மூடாக்கு

இதை மற்றவற்றோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசுவதே சரியில்லை என்பேன். வெள்ளைப் பனித் துணியோ பிளாஸ்டிக் கூடாரமோ பூவை ஒருநாள்கூட முன்னால் கொண்டுவராது. இரண்டு மூன்று பாகை (செல்சியஸ்) குளிரைத் தடுத்து, சில நாள் கடன் வாங்கித் தரும். இலையும் இறுக மூடிய மொட்டும் மெல்லிய உறைபனியைத் தாங்கிக்கொள்ளும். விரிந்த இதழுக்கு அந்தத் தெம்பு இல்லை, அதற்குத்தான் இந்த மூடாக்கு. மேலும், இரவு 10 பாகைக்குக் கீழே போன பிறகு மொட்டு வளர்ச்சி மிகவும் மந்தமாகிவிடுவதால், கடன் வாங்கிய நாளிலும் பெரிதாக எதுவும் நடக்காது. உள்ளே ஈரம் தேங்கினால் சாம்பல் பூசணம் பிடிக்கும். மொட்டு நிறம் காட்டிவிட்டது, ஒரு வாரம் போதும் என்ற நிலையில் மட்டுமே இதை நம்புவேன்.

‘பூ உரம்’ போடு, தண்ணீர் நிறுத்து, இலையைக் கிள்ளு என்பவை வழிகளே அல்ல. நீளாத இரவை எந்த உரமும் நீட்டாது. வாடவிட்ட செடியில் பூ சிறுக்கும்.

இப்போது விளக்குக் கதை. துணியை விட்டுவிட்டு முந்திய ரகத்துக்கு மாறிய ஆண்டு, எல்லாம் சரியாக நடந்தது. ஒரு செடியைத் தவிர. அதன் மேற்குப் பாதி முழுக்கப் பூ. கிழக்குப் பாதி பச்சையாக, மொட்டே இல்லாமல். நோயோ என்று வேரைக்கூடத் தோண்டிப் பார்த்தேன். ஒரு இரவு தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தபோது புரிந்தது. வாசல் விளக்கு. ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானே எரியும் வகை. பூனை போகும்போதெல்லாம் எரிந்து, செடியின் கிழக்குப் பக்கத்தை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தது. பூ வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் சாமந்தியைப் பூக்கவிடாமல் தடுக்க வேண்டுமென்றே நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கெரிப்பது உண்டு. நான் அறியாமலேயே அதைச் செய்திருக்கிறேன். தெருவிளக்கு, அடுத்த வீட்டு விளக்கு எதுவானாலும் இப்படி நடக்கலாம். ரகத்துக்கோ துணிக்கோ செலவழிக்கும் முன், ஜூலையில் ஒரு இரவு பத்து மணிக்கு மேல் பாத்திப் பக்கம் போய் நில்லுங்கள். கையில் செய்தித்தாளை வைத்துப் பாருங்கள். எழுத்து தெரிந்தால் முதலில் அந்த விளக்கைக் கவனிக்க வேண்டும்.

நான் விளக்கின் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, மேலே ஒரு தகர மறைப்பு வைத்தேன். அடுத்த ஆண்டு அதே செடி, அதே இடம். செப்டம்பர் கடைசியில் இரண்டு பாதியும் சேர்ந்து பூத்தது.